உழாத குத்தகை

அப்பா அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 2025 ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, டெ மாயின் நகருக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில், கத்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு விவசாயியின் பண்ணைக்கு அவரை அழைத்துப் போனேன். பெரம்பலூர்ப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக விவசாயம் பார்ப்பவர் அப்பா. பருத்தி போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம்தான் போடுகிறார். ஆகவே வழியெல்லாம் சாலையின் இருபுறமும் இடுப்புக்கு மேல் நின்ற மக்காச்சோளத்தைப் பார்த்து, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, களைக்கு என்ன அடிக்கிறார்கள் என்று கேட்டபடியே வந்தார். பண்ணையின் பின்பக்கத்து மேட்டுச் சரிவை எட்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. மக்காச்சோளம் அங்கே ஒரு கம்பி வேலியோடு முடிந்தது. வேலிக்கு அப்பால் 38 ஏக்கர், மேட்டிலிருந்து ஓடை வரைக்கும், மார்பளவு புல்லும் இடையிடையே ஊதா, மஞ்சள் பூக்களுமாக நின்றது.

"ஏம்மா, இவ்வளவு நல்ல மண்ணை யாராவது தரிசாப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் ‘தரிசு’ என்ற சொல் நிலத்தோடு நிற்பதில்லை. நிலத்துக்காரரையும் சேர்த்தே சொல்வது. ஆள் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, கடன் முற்றிவிட்டது, பங்காளிக்குள் வழக்கு என்று ஏதோ ஒரு குறையை அது ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் அப்பாவின் கேள்வியில் வியப்பைவிட வருத்தமே மிகுந்திருந்தது. இது தரிசு அன்று, இதற்கு அமெரிக்க அரசு ஆண்டுதோறும் குத்தகை கொடுக்கிறது, குத்தகைக்கு எடுத்தவர் உழவும் மாட்டார் அறுக்கவும் மாட்டார், நிலத்துக்காரரும் உழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பணம் என்று நான் சொன்னபோது, அவர் நம்பாமல் விவசாயியின் முகத்தைப் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் என்ன பேச்சு என்பது விவசாயிக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆமாம் என்று தலையசைத்தார்.

காப்பு நில ஒதுக்கீட்டுத் திட்டம் என்று இதைத் தமிழில் சொல்லலாம். இங்கே எல்லோரும் சி.ஆர்.பி. என்றே சொல்கிறார்கள். எளிதில் அரிக்கக்கூடிய சரிவுகள், ஓடைக் கரைகள் போன்ற நிலங்களில் பயிரை நிறுத்திவிட்டு, புல்லோ மரமோ நட்டு, 10 முதல் 15 ஆண்டுகள் அப்படியே விட்டுவைக்க விவசாயி ஒப்புக்கொள்கிறார். அதற்கு அரசு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுக் குத்தகை தருவதோடு, புல் நடும் செலவில் பாதி வரையும் ஏற்றுக்கொள்கிறது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். களையை அவர்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் புல்லைத் தீயிட்டோ வேறு வகையிலோ புதுப்பிக்க வேண்டும். பறவைகள் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவமான மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை அயோவாவில் அந்தப் புல்லை வெட்டக்கூடாது. நாங்கள் போயிருந்த அன்றும் வேலியோரத்திலிருந்து ஒரு பெட்டைக் காட்டுக்கோழி குஞ்சுகளோடு புல்லுக்குள் ஓடி மறைந்தது.

நான் குடிநீரையும் ஆற்றுநீரையும் சோதிக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் ரக்கூன் ஆற்றிலிருந்து வரும் மாதிரிகளில், வயல்களிலிருந்து கசிந்து சேரும் நைட்ரேட் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால், மேட்டில் நிற்கும் ஒரு புல்வெளி எனக்கு அழகுக்காக மட்டும் முக்கியமானதன்று. இந்தத் திட்டத்தை மனமார ஆதரிக்கிறேன். அதனாலேயே அதில் உள்ள ஒரு பெரிய ஓட்டை என்னை ஓயாமல் உறுத்துகிறது: இது குத்தகை, குத்தகைக்குக் கெடு உண்டு.

அந்த 38 ஏக்கரின் கதையே இதற்குப் போதும். ஆனால் அதற்கு முன்னால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

உழாமல் இருக்கப் பணம் கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1930-களில் ஓக்லஹோமா, கான்சஸ், டெக்சாஸ் சமவெளிகளின் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து தலைநகர் வாஷிங்டன் வரை போனது. மண்ணரிப்பு ஒரு தேசியப் பேரழிவு என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஹ்யூ ஹாமண்ட் பென்னட்டின் பேச்சுக்கு அதன் பிறகுதான் காது கிடைத்தது. 1935-ல் மண் பாதுகாப்புச் சேவை என்ற அமைப்பு சட்டத்தின் மூலம் உருவாகி, அவர் அதன் தலைவரானார். பயிர்ப் பரப்பைக் குறைத்து விலையை உயர்த்துவதற்காக 1933-ல் வந்த சட்டத்தை 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த மாதமே புதுச் சட்டம் ஒன்று பிறந்தது: மண்ணைத் தேய்க்கும் பயிரை விட்டு, மண்ணைக் காக்கும் பயிருக்கு மாறுகிறவர்களுக்குப் பணம். மண்ணைக் காப்பதும் விளைச்சலைக் குறைத்து விலையைத் தூக்கி நிறுத்துவதும் ஒரே பணப்பைக்குள் வந்து சேர்ந்தது அப்போதுதான். அந்த இரண்டும் இன்று வரை பிரியவில்லை. தானியம் மலிந்து கிடக்கும்போது அரசுக்கு மண்ணின் மேல் அக்கறை பிறக்கும். தானியம் விலை ஏறினால் அந்த அக்கறை தளரும்.

1956-ல் மண் வங்கி என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. 1960-ல் அதில் 2.87 கோடி ஏக்கர் இருந்தது. அந்த ஒப்பந்தங்கள் முடிந்து சில ஆண்டுகளுக்குள், 1972-ல், சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்க, விலை எகிறியது. வேளாண்மைச் செயலர் ஏர்ல் பட்ஸ் வேலியிலிருந்து வேலி வரைக்கும் விதையுங்கள் என்று விவசாயிகளை முடுக்கினார். ஆண்டுக்கணக்கில் கிடந்த புல்லில் பெரும்பகுதி கலப்பைக்குப் போயிற்று. அந்தப் பத்தாண்டின் முடிவில் வட்டி ஏறி, தானிய விலை சரிந்து, 1981-லிருந்து 1986-க்குள் அயோவாவின் நில விலை அறுபது சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. நிலத்தை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அந்த நெருக்கடியின் நடுவில்தான், 1985 டிசம்பர் 23 அன்று, ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக சி.ஆர்.பி. பிறந்தது. 4 கோடி ஏக்கருக்கு மேல் சேர்ப்பது இலக்கு; எந்த ஏக்கர் என்பதைவிட எத்தனை ஏக்கர் என்பதே தொடக்க ஆண்டுகளில் பெரிதாக இருந்தது. எந்த நிலத்தை எடுத்தால் மண்ணுக்கும் நீருக்கும் காட்டுயிருக்கும் எவ்வளவு நன்மை என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

நாங்கள் பார்த்த சரிவை இந்த விவசாயியின் தந்தை 1987-ல் திட்டத்தில் சேர்த்தார். மண்ணுக்காகச் சேர்த்தார் என்று மகன் சொல்லவில்லை. வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணையில் ஒரு பங்கை அந்தக் குத்தகை அடைத்தது. பண்ணை கையை விட்டுப் போகாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். அன்றைய வழக்கப்படி சரிவு முழுவதும் புரோம் என்ற ஒரே வகைப் புல்லை விதைத்தார்கள். பறவைகளுக்கு அதில் பெரிய பயன் இல்லை. ஆனாலும் மண் நின்றது. பத்து ஆண்டு முடிந்து 1997-ல் இன்னொரு பத்து ஆண்டு எடுத்தார்கள். அது 2007 செப்டம்பர் 30-ல் முடிந்தது.

2007 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். நாடு முழுவதும் இந்தத் திட்டத்தில் இருந்த நிலம் உச்சத்தைத் தொட்டது அந்த ஆண்டில்தான், ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கர். பெட்ரோலில் எத்தனாலைக் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் 2005-ல் வந்து, 2007-ல் பல மடங்கு விரிவடைந்ததும் அந்த ஆண்டில்தான். எத்தனால் எடுப்பது மக்காச்சோளத்திலிருந்து. 2008 ஜூனில் மக்காச்சோளம் ஒரு புஷலுக்கு (ஏறத்தாழ 25 கிலோ) 7 டாலரைத் தாண்டியது. இந்த விவசாயி 2008 வசந்தத்தில் புரோம் புல்லை மருந்தடித்துக் கொன்று, உழுது, மக்காச்சோளம் விதைத்தார். "எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன்" என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது, மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது குரல். அப்பாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். "விலை இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லும்மா" என்றார் அப்பா.

அந்த 2008 ஜூனில் அயோவாவில் பெருமழை. சீடர் ராப்பிட்ஸ் நகரம் மூழ்கிய ஆண்டு அது. மக்காச்சோளம் இன்னும் முழங்கால் உயரம் வளராத, தரையில் நிழல்கூட விழாத நேரத்தில் மழை வந்து அடித்தது. இருபது ஆண்டுகளாகப் புல் பிடித்து வைத்திருந்த மேல்மண், சரிவின் நடுவிலிருந்த தாழ்வான மடிப்பு வழியாக ஓடைக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அந்த மடிப்பில் டிராக்டர் தாண்ட முடியாத பள்ளம் விழுந்தது. 2010-ல் அவர் தாமே போய் மறுபடியும் திட்டத்தில் சேர்ந்தார், இம்முறை 15 ஆண்டுக்கு. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற இந்த மண்ணுக்கே உரிய புல்வெளிப் புற்களும் பூச்செடிகளும் கலந்த விதையைத் தூவினார். மூன்று ஆண்டு உழவு, இருபது ஆண்டு சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது என்பது அவருடைய கணக்கு.

அது மிகையான கணக்கென்று எனக்குத் தோன்றவில்லை. இப்பகுதியின் ஆழமான மண்ணுக்கு ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன் வரை போவதைத் ‘தாங்கக்கூடிய இழப்பு’ என்று அதிகாரபூர்வமாகவே கொள்கிறார்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மண் ஏறத்தாழ 150 டன் எடை. அப்படியானால் தாங்கக்கூடியது என்று சொல்லும் அளவிலேயே முப்பது ஆண்டில் ஓர் அங்குலம் போய்விடும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். உழுத சரிவில் ஒரே பெருமழை இந்த ஆண்டுக் கணக்கையெல்லாம் ஒரு பிற்பகலில் தாண்டிவிடும்.

பண்ணைக்கு இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் காட்டும் எளிய சோதனை அது. வேலிக்கு இந்தப் பக்கம், மக்காச்சோள வரிசைக்கு நடுவில், விவசாயி ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டினார். பிறகு வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் அதே மேட்டில் இன்னொரு குழி. புல் பக்கத்தில் மண்வெட்டி எளிதில் இறங்கவில்லை. வேர் வலைபோல் பின்னியிருந்தது. எடுத்த மண் கறுப்பாக, கேழ்வரகு களி உதிர்ந்தாற்போல் சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்தது, உள்ளே மண்புழு. மக்காச்சோளப் பக்கத்து மண் வெளிறி, தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. இரண்டிலிருந்தும் எலுமிச்சை அளவு கட்டி ஒன்றை எடுத்து, வண்டியின் பின்தட்டில் வைத்தோம். ஒரு வாரம் காயவிட்டிருந்தால் சோதனை இன்னும் துல்லியமாக இருந்திருக்கும். அன்று வெயிலில் ஒரு மணி நேரமே வைத்தோம். பிறகு தண்ணீர் நிரப்பிய குடுவைகளின் வாயில் வலைத்துண்டைத் தொங்கவிட்டு, அதன் மேல் கட்டிகளை இறக்கினேன். உழுத மண் இரண்டு நிமிடத்தில் கரைந்து, தண்ணீர் காப்பி நிறமாயிற்று. புல் மண்ணின் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. கீழே தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. அப்பா குனிந்து, விரலால் அந்தக் கட்டியைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்தும் அது உடையவில்லை.

"வேரோட பசைதான் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். சரியான விளக்கம். வேரும் அதைச் சுற்றி வாழும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசைதான் மண் துகள்களைக் கட்டி வைக்கிறது. ஒவ்வோர் உழவும் அதை அறுத்துவிடுகிறது. மழைத்துளி விழும்போது கட்டி உடையாவிட்டால் மண்ணின் துளைகள் அடைபடுவதில்லை, தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்குகிறது. அமெரிக்க விளைநிலங்களிலிருந்து நீரும் காற்றும் அரித்துச் சென்ற மண் 1982-ல் ஆண்டுக்கு 300 கோடி டன்னுக்கு மேல் இருந்து, 2007-க்குள் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உழவைக் குறைத்ததற்கும், அரிக்கும் நிலத்தைப் பாதுகாக்காதவருக்கு மானியம் இல்லை என்ற 1985-ஆம் ஆண்டு நிபந்தனைக்கும் அதில் பங்கு உண்டு. சரிவுகளைப் புல்லுக்கு விட்டதற்கும் பெரிய பங்கு உண்டு.

அப்பாவின் அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். சும்மா இருப்பதற்கு ஏன் பணம், தன் நிலத்து மண் போனால் தனக்குத்தானே நட்டம், அதைத் தடுக்க அரசு ஏன் கூலி தர வேண்டும் என்றார். இங்கேயும் இதே கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் நட்டம் அவருடையது மட்டுமன்று. இந்த ஓடை நடு ரக்கூன் ஆற்றில் சேர்கிறது, அது ரக்கூனில், ரக்கூன் நீரும் டெ மாயின் ஆற்று நீரும்தான் எங்கள் நகரத்தின் குடிநீர். குடிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். அதைப் பிரித்தெடுக்கவே டெ மாயின் நீர்நிலையம் 1990-களின் தொடக்கத்தில் ஒரு தனி ஆலை கட்டியது. 2015-ல் அந்த நிறுவனம் மேல்பகுதியிலுள்ள மூன்று கவுண்டிகளில் வயல் வடிகால்களை நிர்வகிக்கும் அமைப்புகள் மீது நைட்ரேட்டுக்காக வழக்குத் தொடுத்தது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது. அப்பா வந்திருந்த அதே 2025 ஜூனில், ஆலை முழு மூச்சில் ஓடியும் போதாமல், வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது என்று டெ மாயின் வட்டாரம் முழுவதற்கும் தடை வந்திருந்தது. தண்ணீர் பஞ்சத்தால் வந்த தடையன்று அது. ஆற்றில் நீர் இருந்தது. சுத்திகரிக்க முடிகிற அளவுக்குத்தான் குழாயில் விட முடியும் என்ற நிலை. நகரத்தார் ஆலைக்குக் கட்டும் பணத்தையும் மேட்டு நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் குத்தகையையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்றேன்.

ஆனால் இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. சரிவின் அடிவாரத்தில், புல்லுக்கும் ஓடைக்கும் நடுவே, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயிலிருந்து கை பருமனில் தெளிந்த தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே சமதளத்திலுள்ள மக்காச்சோள வயலின் அடியில் புதைத்த வடிகுழாயின் வாய் அது. வடக்கு, நடு அயோவா முழுவதும் இப்படிக் குழாய் புதைத்துத்தான் சதுப்பை விளைநிலமாக்கினார்கள். சோதனைத் தாள் ஒன்றை நனைத்தேன். அரை நிமிடத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகி 20-ஐக் காட்டியது. புல்வெளி மேலே ஓடும் தண்ணீரைத் தடுக்கும், மண்ணையும் அதோடு ஒட்டிய பாஸ்பரஸையும் பிடிக்கும். அதன் வேருக்கும் கீழே குழாய்க்குள் ஓடும் நைட்ரேட்டை அது தொடுவதேயில்லை. அயோவா மாநிலம் 2013-ல் வெளியிட்ட ஊட்டச்சத்துக் குறைப்புத் திட்ட அறிக்கை, ஒரு நிலத்தைப் பயிரிலிருந்து முழுவதும் விடுவித்தால் அந்த நிலத்திலிருந்து போகும் நைட்ரேட் 85 சதவீதம் குறையும் என்றும், வடிகுழாய் நீர் வந்து சேரும் இடத்தில் ஈரநிலம் அமைத்தால் சராசரியாக 52 சதவீதம் குறையும் என்றும் கணக்கிட்டது. ஆகவே குழாய் முடியும் இடத்தில் ஈரநிலத்துக்காக ஒதுக்கும் சில ஏக்கர், எங்கோ தனியாகக் கிடக்கும் பெரிய புல்வெளியைவிட ஆற்றுக்கு அதிகம் உதவும். எந்த ஏக்கர் என்பதுதான் எல்லாமே.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் டெ மாயினுக்குக் கிழக்கே நீல் ஸ்மித் காட்டுயிர்ப் புகலிடத்தில் 2007-லிருந்து நடத்திவரும் ஆய்வு இதற்கு நல்ல சான்று. வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, சரிவின் குறுக்கே பட்டை பட்டையாகப் புல்வெளிச் செடிகளை நட்டார்கள். அந்த வயலிலிருந்து போகும் வண்டல் 95 சதவீதம் குறைந்தது. 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் இந்தப் பட்டைகளுக்கும் குத்தகை உண்டு என்றது. ஒன்பது பங்கை உழுதுகொண்டே பத்தாவது பங்கால் மண்ணைக் காக்கலாம் என்பது, அப்பாவைப் போன்ற விவசாயிக்கு உடனே பிடிக்கிற யோசனை. நம் ஊர்க் கொல்லைகளில் மண் கரை போட்டு நீரைத் தடுப்பதுபோல என்று அவரே சொன்னார்.

திட்டத்தை எதிர்ப்பவர்களிலும் நியாயமான குரல்கள் உண்டு. அன்று மதியச் சாப்பாட்டுக்கு விவசாயியின் அக்காள் மகன் வந்திருந்தார், முப்பது வயதிருக்கும், சொந்த நிலம் ஓர் ஏக்கர்கூட இல்லை, மாமனின் சமதள நிலத்தையும் வேறு மூன்று பேரின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். அயோவாவில் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். மூன்றில் இரண்டு பங்கு நிலம் 65 வயதைத் தாண்டியவர்களின் கையில் இருக்கிறது. 2025-ல் சராசரிக் குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 270 டாலருக்கு மேல் இருந்தது. வயதானவருக்கு அரசுக் குத்தகை வசதி. மழையும் விலையும் எப்படிப் போனாலும் அக்டோபரில் பணம் வந்துவிடும். உழ நினைக்கும் இளையவருக்கோ அரசே போட்டிக் குத்தகைதாரர். ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற விதி இருப்பது, விதைக் கடையும் உரக் கடையும் தானியக் கிடங்கும் வியாபாரம் இல்லாமல் மூடிவிடக்கூடாது என்பதற்காகத்தான். இங்கே நூறு ஏக்கரை ஒதுக்கினால் வேறெங்கோ இருபது ஏக்கர் புது நிலம் உழவுக்கு வருகிறது என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. அந்த இளைஞரின் வாதத்தை நான் மதிக்கிறேன். சமதளத்து நல்ல நிலத்தை முழுதாக இழுத்துப் புல்லுக்குப் போடுவதை நானும் விரும்பவில்லை. ஆனால் 2008-ல் பள்ளம் விழுந்த அந்த மடிப்பும், அதற்குக் கீழே ஓடைக்கரையும், யார் கையில் இருந்தாலும் எந்த விலை வந்தாலும் உழக்கூடாத நிலம்.

அதற்குத்தான் குத்தகை என்ற ஏற்பாடு பொருந்தவில்லை. 2007-க்குப் பிறகு விலை ஏறியபோது விவசாயிகள் மட்டும் விலகவில்லை. நாடாளுமன்றமும் சேர்ந்தே விலகியது. திட்டத்தில் சேரக்கூடிய நிலத்தின் உச்சவரம்பை 2008-ல் 3.2 கோடி ஏக்கராகவும், 2014-ல் 2.4 கோடியாகவும் வெட்டினார்கள். 2018-ல் அதை 2.7 கோடியாக உயர்த்தியபோதும், போட்டி விண்ணப்பத்தின் மூலம் பொதுச் சேர்ப்பில் வரும் நிலத்துக்கு அந்தக் கவுண்டியின் சராசரிக் குத்தகையில் 85 சதவீதம்தான் தரலாம் என்று வரம்பு கட்டினார்கள். முப்பது ஆண்டு ஒப்பந்தம் ஒன்று முன்னோட்டமாக 2020-ல் தொடங்கியது. கெடு முடிகிற ஓடைக்கரைகளுக்கு ஏற்றது அதுதான் என்று நம்புகிறேன், ஆனால் அது இன்னும் சிறியது. இனி எப்போதும் உழுவதில்லை என்று, பணம் கொடுத்து நிரந்தர உரிமை ஆவணம் எழுதி வாங்குவதற்குச் செலவு அதிகம் என்பார்கள். 1987-லிருந்து 2025 வரை அந்த ஒரே சரிவுக்குக் கொடுத்த குத்தகை முழுவதையும் கூட்டி, நடுவில் மூன்று ஆண்டில் போன மண்ணையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எது மலிவு என்பது தெரிந்துவிடும்.

அவருடைய 15 ஆண்டு 2025 செப்டம்பர் 30-ல் முடிய இருந்தது. மீண்டும் சேர்வதற்கான விண்ணப்பத்தை ஜூன் 6-ம் தேதிக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். உச்சவரம்புக்குள் அந்த ஆண்டு நாடு முழுவதற்கும் மிச்சம் இருந்தது 18 லட்சம் ஏக்கர்தான். கிடைக்காவிட்டால் மேல்பக்கத்தை அக்காள் மகனுக்கு விடுவதாகச் சொன்னார். மக்காச்சோளம் 4 டாலரைச் சுற்றி நிற்கிற ஆண்டில் அவருக்கும் அதில் பெரிய ஆசையில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு காகிதம் கேட்டார். வண்டியின் மேல் அதை விரித்து, மேட்டையும் ஓடையையும் கோடாகப் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று விரலால் காட்டிக் கேட்டார். விவசாயி பேனாவை வாங்கி, மடிப்பின் இரு கரைகளையும் வரைந்தார். எந்த மழையில் எதுவரை தண்ணீர் வந்தது என்று இரண்டு இடத்தில் புள்ளி வைத்தார். அக்காள் மகன் குனிந்து, தன் விதைப்புக் கருவியின் அகலத்தைச் சொல்லி, எங்கே திரும்ப முடியும் என்று ஒரு குறுக்குக் கோடு போட்டார். நான் மொழிபெயர்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. கடைசியில் அப்பா மடிப்பைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, "காசு வந்தாலும் வராட்டியும் இந்த நாலு ஏக்கரைத் தொட வேண்டாம்னு சொல்லு" என்றார். சொன்னேன். இருவரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இளையவர் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா ஊர் திரும்பிய பின், கோடையின் கடைசியில், விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக விவசாயி தொலைபேசியில் சொன்னார். அன்று இரவே அப்பாவுக்கு அழைத்தேன். மக்காச்சோளத்துக்கு உழவு ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டரை நிறுத்திவிட்டுப் பேசினார். 38 ஏக்கரும் கிடைத்துவிட்டது, 2035 வரை என்றேன்.

"பத்து வருசம்தானா?" என்று கேட்டார்.